ஆண்டுக்கு ஒரு கப்பல்: துருவ ஆய்வு நிலையச் சரக்குச் சேவை ஒன்றின் மதிப்பீடு

அண்டார்டிகாவில் உள்ள ஓர் ஆய்வு நிலையத்தில் ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் கிடங்குப் பொறுப்பாளராகப் பணிபுரிந்தேன். நிலையத்துக்கு வேண்டிய உணவு, எரிபொருள், உதிரிப் பாகங்கள், மருந்துகள், குளிர்கால உடைகள் ஆகிய அனைத்தையும் வாங்கி, கட்டி, கப்பலேற்றி, பனியின் மேல் இழுத்துவந்து கிடங்கு வாசலில் இறக்கி, அதே கப்பலில் ஓராண்டுக் கழிவைத் திரும்ப எடுத்துச் செல்லும் பணியை ஒரு நிறுவனம் ஒப்பந்த அடிப்படையில் செய்துவருகிறது. அந்தச் சேவையைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நிறுவனத்தையும் நிலையத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் முக்கியமான குறை ஒரே நிறுவனத்துக்கு உரியதன்று என்பதும், இத்தகைய ஒப்பந்தங்களை எழுதும் விதத்திலேயே அது தொடங்கிவிடுகிறது என்பதும் என் கருத்து.

இந்தச் சேவையைப் பெரும்பாலோர் கப்பல் வந்து சேரும் நாளை வைத்தே மதிப்பிடுகிறார்கள். குறித்த தேதியில் கப்பல் வந்ததா, பட்டியலில் உள்ள பெட்டிகளின் எண்ணிக்கை சரியாக இருந்ததா, உடைந்தவை எத்தனை என்று பார்த்துக் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். ஆனால் சேவையின் உண்மையான சோதனை அதற்கு ஐந்தாறு மாதங்களுக்குப் பிறகு, சூரியனே எழாத நாட்களில், யாரோ ஒருவர் கிடங்குக்கு வந்து ஒரு பொருளைக் கேட்கும்போதுதான் நடக்கிறது. அப்போது அந்தப் பொருள் பழுதில்லாமல் கைக்கு வந்து சேர வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நான் கண்ட சேவை சுமந்து வருவதில் மிகச் சிறப்பாகவும், கட்டி அடுக்கிப் பட்டியலிடுவதில் மோசமாகவும் இருந்தது.

சுமந்து வருவதைப் பற்றி முதலில் மனநிறைவோடு சொல்லிவிடுகிறேன். கப்பல் பனி விளிம்பை அடைந்ததும் அவர்கள் காட்டிய ஒழுங்கு பாராட்டத்தக்கது. கடற்பனியின் மேல் எந்த வண்டியையும் ஏற்றுவதற்கு முன், வழி நெடுகத் துளையிட்டுத் தடிமனை அளந்தார்கள். அளவு போதாத இடத்தில், எவ்வளவு அவசரமானாலும் வழியை மாற்றினார்கள். கப்பலின் கிரேன் கன்டெய்னரைச் சறுக்குவண்டியின் மேல் இறக்குகிற வேளையில் காற்று கூடினால் உடனே வேலையை நிறுத்தினார்கள். கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் பெரும் வாடகை உண்டு என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஒன்றரை நாள் காற்றுக்காகக் கைகட்டிக் காத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பொறுமைக்காகவே அவர்களுக்கு உயர்ந்த மதிப்பெண் தருவேன்.

பனித்தட்டின் மேல் நடந்த பயணமும் அப்படித்தான். சங்கிலிச் சக்கர வண்டிகள் அணியாகச் செல்லும்போது முதல் வண்டி ரேடாரால் பனிப்பிளவுகளைத் தேடிக்கொண்டே போகும். பாதுகாப்பான பாதையில் மூங்கில் கழிகளில் கொடி கட்டி நட்டிருப்பார்கள். பின்னால் வருபவர் அந்தக் கொடி வரிசையை விட்டு ஒரு வண்டி அகலம்கூட விலகக் கூடாது. இந்தப் பயணத்தின் நீளம் நிலையத்துக்கு நிலையம் வேறுபடும். இந்தியாவின் பாரதி நிலையம் லார்ஸ்மன் குன்றுகளில் கடலோரமாகவே இருக்கிறது. 1989இல் தொடங்கப்பட்ட மைத்ரி நிலையத்துக்குப் பனி விளிம்பிலிருந்து சுமார் 100 கி.மீ. இழுத்துச் செல்ல வேண்டும். பிரான்சும் இத்தாலியும் நடத்தும் கன்கார்டியா நிலையத்துக்குக் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 1,100 கி.மீ.; அமெரிக்காவின் கடலோர நிலையமான மெக்மர்டோவிலிருந்து தென்துருவத்தில் உள்ள அமுண்ட்சன்–ஸ்காட் நிலையத்துக்கு ஏறத்தாழ 1,600 கி.மீ. அந்தத் தென்துருவ வழியில் எரிபொருளைப் பெரிய ரப்பர் பைகளில் நிரப்பி, வழுவழுப்பான பிளாஸ்டிக் தகடுகளின் மேல் கிடத்தி இழுத்துச் செல்கிறார்கள். பாரதி நிலையத்தில் வேறொரு நல்ல யோசனையைச் செயல்படுத்தியிருக்கிறார்கள்: 134 கன்டெய்னர்களே அந்தக் கட்டடத்தின் உடல். பொருளைச் சுமந்து வந்த பெட்டியே சுவராக மாறியதால், இறக்கிய பின் பயனற்றுக் கிடக்கும் பெட்டி என்ற சிக்கலே அங்கே எழவில்லை. சரக்கைப் பற்றி யோசித்தவரும் கட்டடத்தைப் பற்றி யோசித்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்ததன் விளைவு அது.

எரிபொருளில் குறை சொல்ல ஏதுமில்லை. சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும் என்பதால், துருவக் குளிருக்கு ஏற்ற வகையையே கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனைச் சான்று இருந்தது. குழாய் மாற்றும் ஒவ்வொரு இணைப்பின் கீழும் தட்டும் உறிஞ்சும் விரிப்பும் வைத்தார்கள். சொட்டிய சில துளிகளையும் பனியோடு சுரண்டி எடுத்துப் பேரலில் அடைத்தார்கள். நிலையத்தில் ஜெனரேட்டர் நின்றால் வெளிச்சம் மட்டும் போவதில்லை. அதன் கழிவு வெப்பத்தில்தான் அறைகள் சூடாகின்றன, பனி உருகித் தண்ணீராகிறது, கழிவுநீர்க் குழாய் உறையாமல் இருக்கிறது. ஆகவே காலையில் எழுந்ததும் எரிபொருள் தொட்டியின் அளவைக் குறிப்பதுதான் எங்கள் நாளின் முதல் வேலையாக இருந்தது. அந்த அளவு ஒருநாளும் எங்களைக் கலங்க வைக்கவில்லை.

இனி குறைக்கு வருகிறேன். ஜூலை மாதத்தில் ஒரு நாள், எரிபொருளைச் சிறு தொட்டிக்கு ஏற்றும் பம்ப் ஒன்று கசியத் தொடங்கியது. மாற்ற வேண்டியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சீல். பதிவேட்டில் தெளிவாக எழுதியிருந்தது: பம்ப் சீல், ஆறு, கன்டெய்னர் 14. அந்தக் கன்டெய்னர் நிலையத்திலிருந்து நூறு அடி தூரத்தில் வெளியே நின்றது. கதவின் பூட்டுக்கம்பிகள் பனியில் இறுகிப்போயிருந்ததால், சூடான காற்று ஊதும் கருவியை இழுத்துச் சென்று முக்கால் மணி நேரம் இளக்கிய பிறகே கதவு அசைந்தது. உள்ளே விளக்கடித்துப் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பெட்டிகளில் ஒட்டியிருந்த காகித லேபிள்கள் அத்தனையும் உதிர்ந்து, காய்ந்த இலைகளைப் போலத் தரையில் கிடந்தன. சாதாரணப் பசை அந்தக் குளிரில் பிடிப்பை இழந்துவிடும். இதைக் குளிர்கிடங்கில் ஒரு மாதம் வேலை செய்த எவரும் அறிவார்கள். அடையாளமில்லாத பழுப்புப் பெட்டிகள் தரையிலிருந்து கூரை வரை, நடுவில் ஓர் ஆள் நுழைய இடைவெளிகூட இல்லாமல் அடுக்கப்பட்டிருந்தன. கப்பல் ஆட்டத்தில் சரியாமல் இருக்க எடை பார்த்து அடுக்குவது சரியான முறைதான். ஆனால் அந்த அடுக்கில் எது எங்கே இருக்கிறது என்று யாரும் எங்கும் வரைந்து வைக்கவில்லை.

கையுறையோடு பெட்டியின் நாடாவைப் பிரிக்க முடியாது. கையுறையைக் கழற்றினால் ஓரிரு நிமிடங்களில் விரல் நுனி மரத்துவிடும். பிளாஸ்டிக் உறைகள் தொட்டதும் கண்ணாடிபோல் நொறுங்கின. தலைவிளக்கின் பேட்டரி குளிரில் வேகமாக இறங்கியதால், மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன். மூன்று தடவை போய் வந்தேன். மூன்றாவது தடவையில், குழாய்ப் பொருள்கள் இருந்த ஒரு பெட்டியின் அடியில் அந்த ஆறு சீல்களும் இருந்தன. அதுவரை ஒரே பம்ப்பை நம்பி நிலையம் ஓடியது. எங்கள் மூத்த பொறியாளர் அன்று என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தேநீரை என் கையில் கொடுத்துவிட்டு, “தம்பி, பதிவேட்டில் இருக்கிறது என்று இனிமேல் என்னிடம் சொல்லாதே, கைக்கு வந்தால்தான் அது இருக்கிறது” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு நான் எந்த ஒப்பந்தத்தையும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே படிக்கிறேன்.

இந்தக் குறைக்கு வேர் எங்கே என்று அந்தக் குளிர்காலம் முழுவதும் யோசித்தேன். கப்பலில் வரும் பொருள்களுக்கான பட்டியல், அது வந்து சேர்வதற்கு ஓராண்டுக்கு முன்பே எழுதப்படுகிறது. எழுதியவர் பணி முடிந்து வீடு திரும்பிவிடுகிறார். கட்டுபவர் துருவத்தைப் பார்த்ததே இல்லை. தேடி எடுக்கப்போகிறவர் அப்போது வேலைக்கே சேர்ந்திருக்க மாட்டார். ஒருவரையொருவர் சந்திக்காத இந்த மூன்று பேரையும் இணைப்பது பட்டியல் ஒன்றுதான். அப்படிப்பட்ட பட்டியலில் “இதர பொருள்கள், ஒரு பெட்டி” என்று ஒரு வரி இருக்குமானால், அந்தச் சேவைக்கு எவ்வளவு பெரிய கப்பல் இருந்தாலும் பயனில்லை. எங்கள் பட்டியலில் அத்தகைய வரிகள் பத்தொன்பது இருந்தன. நானே எண்ணினேன்.

இரண்டாவது குறை இதைவிடச் சிறியதாகத் தோன்றும், விளைவில் அப்படியன்று. துருவச் சரக்கில் உறையவே கூடாதவை, உறைந்தே இருக்க வேண்டியவை, எப்படி இருந்தாலும் பாதகமில்லாதவை என்று மூன்று வகை உண்டு. அமெரிக்க நிலையங்களில் உறையக் கூடாத பெட்டிகளுக்குத் தனி முத்திரையும் தனிப் பாதுகாப்பும் உண்டு. எங்கள் சேவையிலும் அந்த முத்திரை இருந்தது. ஆனால் அது பெட்டியின் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடப்பட்டிருந்தது. பனித்தட்டில் அவசரமாக ஏற்றும்போது அந்தப் பக்கம் உள்நோக்கித் திரும்பிவிட்டது. விளைவாக, வெப்பமூட்டிய கன்டெய்னரில் வந்திருக்க வேண்டிய இரண்டு பெட்டிகள் திறந்த சறுக்குவண்டியில் வந்தன. ஒன்றில் நீரில் கரையும் வண்ணப்பூச்சு இருந்தது. அது போனதில் பெரிய வருத்தமில்லை. மற்றொன்றில் ஊசி மருந்துகளும் கண் சொட்டு மருந்துகளும் இருந்தன. மருத்துவர் ஒவ்வொரு குப்பியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நம்ப முடியாதவற்றைத் தனியே ஒதுக்கினார். இன்சுலின் போன்ற மருந்து ஒருமுறை உறைந்தால், இளகிய பின் பார்ப்பதற்குப் பழையபடியே தோன்றினாலும் பயன்படுத்தக் கூடாது. குளிர்காலத்தில் அதற்கு மாற்று வாங்க வழி கிடையாது. 1999இல் தென்துருவ நிலையத்தின் மருத்துவர் ஜெரி நீல்சனுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, ஜூலை இருட்டில் விமானத்திலிருந்து மருந்தும் கருவிகளும் பாராசூட்டில் போடப்பட்டன. அவரை அழைத்து வர விமானம் தரையிறங்க முடிந்தது அக்டோபரில்தான். அவ்வளவு வசதி படைத்த ஒரு திட்டத்தாலேயே அவ்வளவுதான் முடிந்தது. முத்திரையைப் பெட்டியின் ஆறு பக்கங்களிலும் அடிப்பதற்கு ஆகும் செலவு அதன் முன்னால் எம்மாத்திரம்?

உணவைப் பொறுத்தவரை கொடுத்தது நிறைவாக இருந்தது. தானியம், பருப்பு, மாவு, உறைந்த இறைச்சி, டப்பா உணவு எதிலும் பற்றாக்குறை இல்லை. உருளைக்கிழங்கும் வெங்காயமும் குளிர்பதனக் கன்டெய்னரில் வந்தன. அந்தக் கன்டெய்னருக்கு அங்கே இருந்த வேலை, உள்ளே இருப்பவற்றை உறையாமல் கதகதப்பாக வைத்திருப்பது. அதைச் செம்மையாகச் செய்தது. முட்டைகளை வாரந்தோறும் திருப்பி வைத்து, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பயன்படுத்தினோம். கடைசி வெங்காயம் ஆகஸ்டில் தீர்ந்த அன்று சமையலறையில் யாரும் பேசவில்லை. பசுமையான ஒன்றைக் கடித்துத் தின்னும் ஆசை அந்த மாதங்களில் எவ்வளவு வலுவாக எழும் என்பதை அனுபவித்தவரே அறிவர். ஜெர்மனியின் நியூமேயர் 3 நிலையத்துக்கு அருகே 2018இல் அமைத்த செடி வளர்ப்புக் கூடம், வெறும் 12.5 சதுர மீட்டர் பரப்பில் ஓராண்டுக்குள் 268 கிலோ காய்கறி கொடுத்தது. அதில் 67 கிலோ வெள்ளரிக்காய். சரக்குச் சேவை நடத்துவோர் அத்தகைய கூடத்துக்கான விதை, சத்துக்கரைசல், விளக்கு ஆகியவற்றை ஒரு தொகுப்பாகத் தரத் தொடங்கினால், கப்பலில் வரும் எந்தப் பொருளையும்விட அதற்கு வரவேற்பு இருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

தீ பற்றிய ஏற்பாட்டில் அவர்கள் செய்திருந்த ஒரு காரியம் என் மனத்தில் நிற்கிறது. உதிரிப் பாகங்கள், மாற்று உடை, உறங்கும் பை, மூன்று மாத உணவு, ஒரு சிறு ஜெனரேட்டர் ஆகியவற்றை முதன்மைக் கட்டடத்தோடு சேர்க்காமல், தொலைவில் தனியாக நிற்கும் ஒரு குடிலில் கட்டாயமாக இறக்கினார்கள். இடவசதி கருதி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்று எங்கள் தரப்பில் சிலர் கேட்டபோதும் அவர்கள் இணங்கவில்லை. துருவக் காற்றில் ஈரம் மிகக் குறைவு. மரமும் துணியும் எளிதில் பற்றிக்கொள்ளும். அணைக்கத் தண்ணீரும் உறைந்து கிடக்கும். 1982 ஏப்ரலில், அண்டார்டிகாவின் உட்பகுதியில் சோவியத் ஒன்றியம் நடத்திய வோஸ்தோக் நிலையத்தின் மின்னிலையம் எரிந்து ஒருவர் இறந்தார். மீதமிருந்தவர்கள் தாங்களே செய்துகொண்ட அடுப்புகளின் வெப்பத்தில் பல மாதங்கள் உயிர்வாழ வேண்டியிருந்தது. உலகில் அளக்கப்பட்ட மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ் மறு ஆண்டு அதே இடத்தில்தான் பதிவாயிற்று. 2012 பிப்ரவரியில் பிரேசிலின் கொமாந்தாந்தே ஃபெராஸ் நிலையம் எரிந்தபோது இருவர் மாண்டனர். இவற்றையெல்லாம் படித்தவர்கள்தான் அந்தக் குடிலை வலியுறுத்தியிருக்க வேண்டும். அவர்களுக்கு நன்றி.

கழிவை எடுத்துச் செல்லும் பணியும் நன்று. 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த, அண்டார்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்கும் பன்னாட்டு உடன்பாடான மாட்ரிட் நெறிமுறையின்படி, பேட்டரி, எண்ணெய், பிளாஸ்டிக், காலிப் பேரல் போன்றவற்றை அங்கே விட்டுவர முடியாது. கண்ணாடிப் பொருள்களைச் சுற்றி நிரப்பும் தெர்மோகோல் உருண்டைகளைக் கொண்டுசெல்லவே தடை உண்டு. எங்களுக்கு வந்த பெட்டிகளில் அத்தகைய உருண்டை ஒன்றுகூட இல்லை. காகிதத் துண்டுகளும் துணியும் வைத்தே கட்டியிருந்தார்கள். கழிவுக்கென்று வண்ணம் பூசிய தனிப் பேரல்களைக் கொடுத்து, எதில் எது என்று தெளிவான அட்டவணையும் தந்திருந்தார்கள். இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திரும்பிப் போகும் குப்பைக்கு அவர்கள் வைத்திருந்த அட்டவணை, வந்த சரக்குக்கு வைத்திருந்ததைவிடப் பல மடங்கு ஒழுங்காக இருந்தது. குப்பைக்குச் சட்டம் இருக்கிறது, சோதிப்பவர் இருக்கிறார். பம்ப் சீலுக்கு யாரும் இல்லை. சேவையில் இருப்பவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. கேட்பார் இருந்தால் அவர்களால் செய்ய முடிகிறது.

அலுவலகத்தோடு தொடர்புகொள்வதில் சிறு தாமதங்கள் இருந்தன. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன்: எங்கள் கடிகாரமும் அவர்கள் கடிகாரமும் வேறு நேரத்தில் ஓடியதால், காலையில் கேட்ட கேள்விக்கு மறுநாள்தான் பதில் வந்தது. மெக்மர்டோவும் தென்துருவ நிலையமும் நியூசிலாந்து நேரத்தைப் பின்பற்றுவது, அவற்றுக்கு விமானமும் சரக்கும் அங்கிருந்து வருவதால்தான். சரக்கு வரும் ஊரின் நேரத்தையே நிலையத்தின் நேரமாகக் கொள்வது எவ்வளவு பயனுள்ளது என்பதை அப்போது உணர்ந்தேன்.

இந்தச் சேவையை மற்ற நிலையங்களுக்குப் பரிந்துரைப்பேனா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு, பரிந்துரைப்பேன், ஆனால் ஒப்பந்தத்தில் சில வரிகளைச் சேர்த்த பிறகே என்று பதில் சொல்லியிருக்கிறேன். ஒட்டும் லேபிளை ஏற்கக் கூடாது. எண் பொறித்த உலோகத் தகட்டைக் கம்பியால் கட்ட வேண்டும், அல்லது பெட்டியின் மேலேயே பெயின்டால் எழுத வேண்டும். ஒவ்வொரு கன்டெய்னரின் கதவின் உட்புறத்திலும் அதன் அடுக்கு வரைபடம் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் தேவைப்படக்கூடிய உதிரிப் பாகங்களைத் தனி கன்டெய்னரில், நடுவே நடைபாதை விட்டு அடுக்க வேண்டும். அதனால் கப்பலில் கூடுதல் இடம் போகும்; போகட்டும். “இதர பொருள்கள்” என்ற சொல் பட்டியலில் எங்கும் வரக் கூடாது. கட்டும் இடத்தில், ஒருமுறையாவது குளிர்காலத் தங்கலை முடித்துத் திரும்பிய ஒருவர் உடனிருக்க வேண்டும். சென்ற ஆண்டுக் கிடங்குப் பொறுப்பாளரையே இரண்டு வாரம் அந்த வேலைக்கு அமர்த்தலாம். இறுதியாக, பெட்டிகளை எண்ணிக் கையெழுத்திடும் வழக்கத்தை விட்டு, பத்துப் பொருள்களைத் தேடி எடுத்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

என் பணி முடிந்து புதிய பொறுப்பாளர் வந்தபோது இதையே செய்து பார்த்தோம். குளிர்காலத்தில் நான் அலுமினியத் தகடுகளில் எண் பொறித்துக் கட்டி, மை உறைந்துவிடும் என்பதால் பென்சிலால் எழுதி வைத்த நோட்டை அவரிடம் கொடுத்து, அவர் விரும்பிய பத்துப் பொருள்களை அவரே எடுத்து வரச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் ஒன்பது வந்துவிட்டன. பத்தாவது, ஜெனரேட்டருக்கான ஒரு பெல்ட், நோட்டில் சொன்ன அலமாரியில் இல்லை. கப்பல் காத்திருந்தது; நான் ஏற வேண்டிய வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இருவருமாகத் தேடி, அதை அடுத்த அலமாரியின் மேல்தட்டில் கண்டெடுத்து, நோட்டில் இடத்தைத் திருத்தி, அதன் பிறகே சாவியை அவர் கையில் கொடுத்தேன்.